ஓரிதழ் தாமரையின் உண்டிவில்

தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டு செல்லும் மின்சார ரயிலில் ஏறினால், வழியில் சிங்கப்பெருமாள் கோவில் நிலையம் வரும். ஊருக்குப் பெயர் தந்த பாடலாத்ரி நரசிம்மர் கோயில் ஒரு சிறு குன்றில் அமைந்துள்ளது. பாடலம் என்றால் சிவப்பு. அத்ரி என்றால் மலை. பாறையைக் குடைந்த குகைக்குள்ளே பெருமாள் வீற்றிருப்பதால், அவரை வலம் வர விரும்புவோர் குன்றையே சுற்றி வரவேண்டும். அப்படிச் சுற்றுவோர் ஓர் அழிஞ்சில் மரத்தையும் வணங்கிச் செல்வார்கள். இதில் ஏறழிஞ்சில் என்று ஒரு வகை உண்டு எனப் பெரியவர்கள் கூறுவர். அதன் விதை கீழே விழுந்தால் அங்கேயே கிடக்காதாம். தாய் மரத்தை நோக்கி ஊர்ந்து சென்று அடிமரத்தில் ஒட்டிக்கொள்ளுமாம்! பக்தியின் மேன்மையை விளக்க நம் முன்னோர் கையாண்ட உவமை இது. உண்மையில், அழிஞ்சில் பழத்தைத் தின்னும் பறவைகளும் விலங்குகளும் விதையைத் தொலைவுக்குக் கொண்டு செல்கின்றன.

இக்கட்டுரையில் நாம் காணப்போவது இதற்கு நேர் எதிரான ஒரு தாயை. தன் பிள்ளைகளை அருகில் சேர்க்காமல், ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்கும் குறைவான நேரத்தில் எட்டி உதைத்து விரட்டும் தாய் அது! உயரம் ஒரு சாண் அல்லது சற்று அதிகம். சென்னைக்குத் தெற்கே உள்ள செம்மண் மேடுகளிலும் புல்தரைகளிலும் முட்புதர்களின் ஓரங்களிலும் மழைக்குப் பின் தலைகாட்டும். அதன் பெயர் ஓரிதழ் தாமரை.

பெயரைக் கேட்டதும் குளத்தைத் தேடிப் போகாதீர்கள். தாமரைக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. ஊட்டி மலர்க் கண்காட்சிகளில் முகம் போன்ற பூவுடன் வரிசை வரிசையாக நிற்கும் பான்சிச் செடியைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதுவும் வயலா குடும்பத்தைச் சேர்ந்தவை. இன்னொரு குழப்பத்தையும் இப்போதே தீர்த்துக்கொள்வோம். ஓரிலைத் தாமரை என்பது வேறு. அது தரையில் ஒற்றை இலை விடும் ஆர்க்கிட் வகை. ஓரிரு எழுத்துகள்தான் வேற்றுமை. நாட்டு மருந்துக் கடையில் கேட்கும்போது இந்த வேற்றுமை முக்கியம்!

அரைப் புதர்

நம் செடியைப் புல்பூண்டு என்பதா, புதர் என்பதா? இரண்டுக்கும் இடைப்பட்டது. மேல் தண்டுகள் பச்சையாகவும் மென்மையாகவும் இருக்கும். அடித்தண்டோ மரமாக இறுகியிருக்கும். கோடையில் மேற்பகுதி காய்ந்து போனாலும், அடிக்கட்டையும் வேரும் உயிரோடு இருந்து, மழை பெய்ததும் மீண்டும் தளிர்க்கும். இத்தகைய செடிகளைக் குறும்புதர் என்பார்கள். வீட்டு முற்றத்துத் துளசியின் அடித்தண்டைத் தொட்டுப் பாருங்கள், அதுவும் குறும்புதர்தான்.

இச்செடியை ஐரோப்பிய விஞ்ஞானிகள் நெடுங்காலமாக அறிவர். 1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் தம்முடைய புகழ்பெற்ற நூலில் இதை வயலா இனத்திலேயே சேர்த்தார். பிற்காலத்தில் சென்னை மாகாணத்துத் தாவரங்களைத் தொகுத்து 1915 முதல் வெளியிட்ட காம்பிள், ஐயோனிடியம் சஃப்ருட்டிகோசம் என்று எழுதினார். சஃப்ருட்டிகோசம் என்ற லத்தீன் சொல்லுக்கே 'குறும்புதர்த் தன்மையுள்ளது' என்றுதான் பொருள். அதன்பின் ஹைபாந்தஸ் என்னியாஸ்பெர்மஸ் என்ற பெயர் வழங்கியது. அண்மைக் காலத்தில் முதற்பகுதியை மறுபடியும் மாற்றியிருக்கிறார்கள். தாவரவியல் அறிஞர்களுக்குப் பெயர் மாற்றுவதில் அப்படி ஒரு பிரியம்! ஆனால் இரண்டாம் பகுதியின் பொருள் மாறவில்லை. என்னியா என்றால் கிரேக்க மொழியில் ஒன்பது. ஸ்பெர்மா என்றால் விதை. ஒன்பது விதைச் செடி!

தண்டு ஏன் அடியில் மட்டும் மரமாக வேண்டும்? காற்று அடிக்கும்போது செடி முழுவதும் ஒரு நெம்புகோல் ஆகிவிடுகிறது. நுனியில் விழும் தள்ளுவிசைக்கு அடிப்பாகத்தில்தான் திருப்புத்திறன் மிக அதிகம். கொடிக்கம்பத்தின் அடி பருத்தும் நுனி சிறுத்தும் இருப்பது இதனால்தான். உருளை வடிவத் தண்டு ஒன்றின் வளையாத் தன்மை, ஆரத்தின் நான்காம் படிக்கு ஏற்ப உயர்கிறது. ஆரம் இரு மடங்கானால் விறைப்பு பதினாறு மடங்கு! ஆகவே எல்லா இடத்திலும் மரத்தைச் செலவழிக்காமல், வேண்டிய இடத்தில் மட்டும் செலவழிப்பதுதான் சிக்கனம்.

இலைகளைப் பாருங்கள். நீண்டு குறுகியவை; அகலம் பெரும்பாலும் அரை சென்டிமீட்டர் அளவே. சித்திரை வெயிலில் இந்தக் குறுகல் ஒரு பெரிய வசதி. எந்தப் பொருளின் மேலும் காற்று வீசும்போது, அதன் பரப்பை ஒட்டி அசையாத மெல்லிய காற்றுப் படலம் ஒன்று தங்கிவிடும். போர்வை போல அது வெப்பத்தை உள்ளே நிறுத்துகிறது. இலை அகலமானால் போர்வையும் தடிக்கும். அகலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அது வளர்கிறது. விநாடிக்கு ஒரு மீட்டர் வேகமுள்ள இளங்காற்றில், 25 செ.மீ. அகலமுள்ள தேக்கிலையின் மேல் இந்தப் படலம் ஏறத்தாழ 2 மி.மீ. இருக்கும். அரை சென்டிமீட்டர் இலையின் மேல் 0.3 மி.மீ. கூட இராது. அதாவது ஏழில் ஒரு பங்கு. எனவே ஓரிதழ் தாமரையின் இலை, நீரை மிகுதியாக ஆவியாக்கிச் செலவழிக்காமலேயே வெப்பத்தைக் காற்றுக்குத் தள்ளிவிட முடிகிறது.

ஓர் இதழா, ஐந்து இதழா?

இனி பூவுக்கு வருவோம். இலைக்கக்கத்திலிருந்து நூல் போன்ற காம்பில் தனித்தனியாகப் பூ தொங்கும். ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த நிறம். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே ஓர் இதழ். அருகில் சென்று கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் உண்மை தெரியும். இதழ்கள் ஐந்து! நான்கு இதழ்கள் சில மில்லிமீட்டர்களோடு நின்றுவிட, கீழிதழ் மட்டும் குறுகிய காம்புப் பகுதியும் அகன்ற முகமுமாக விரிந்து, ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. ஆகவே பெயர் வைத்தவர் எண்ணிக்கையில் பிழை செய்தார். தோற்றத்தில் பிழை செய்யவில்லை.

செம்பருத்திப் பூவைக் கையில் எடுத்து 72 பாகை சுழற்றுங்கள். பழைய தோற்றமே வரும். ஓரிதழ் தாமரையை எவ்வளவு சுழற்றினாலும், முழுச் சுற்று முடியும்வரை பழைய தோற்றம் வராது. ஆனால் நடுவே செங்குத்தாக ஒரு கண்ணாடியை நிறுத்தினால் இடமும் வலமும் பொருந்தும். சுழற்சிச் சமச்சீரை இழந்து ஆடிச் சமச்சீரை மட்டும் வைத்துக்கொண்ட பூ இது. இழப்பால் கிடைத்த ஆதாயம் என்ன? தேனீ எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் ஒரே இடத்தில்தான் இறங்க முடியும். விமானத்துக்கு ஓடுபாதை போட்டது போல!

கீழிதழின் அடியில் ஒரு சிறு பை உள்ளது. ஐந்து மகரந்தத்தாள்களில் கீழ் இரண்டும் தத்தம் வால்களை அந்தப் பைக்குள் நீட்டியிருக்கும், தேன் அங்குதான். மகரந்தப் பைகளின் மேல் ஆரஞ்சு நிறச் சவ்வுகள் நீண்டு, சூலகத் தண்டைச் சுற்றிக் கூம்பு போல் கூடியிருக்கும். தேனுக்காகத் தலையை நுழைக்கும் பூச்சி இந்தக் கூம்பை அசைக்கிறது; உலர்ந்த மகரந்தம் உப்புச் சீசாவைக் கவிழ்த்தது போல அதன் மேல் உதிர்கிறது.

பூவைப் பற்றி இன்னும் எழுதலாம். ஆனால் பௌதிகம் கற்பிக்கும் எனக்கு, பூவைவிடக் காயே பெரிய விருந்து.

வேப்பங்கொட்டைப் பாடம்

காய் மிளகைவிடச் சற்றுப் பெரிது, உருண்டை வடிவம். பச்சையாக இருந்து, முதிரும்போது வைக்கோல் நிறம் அடைகிறது. நன்கு உலர்ந்ததும் மூன்று பிளவுகளாகப் பிரிந்து நட்சத்திரம் போல் விரியும். ஒவ்வொரு பிளவும் ஒரு படகு. படகுக்குள் விதைகள் பயணிகளாக உட்கார்ந்திருக்கும். விதை கடுகளவு. வெளிர்மஞ்சள் நிறம், கெட்டியான பளபளப்புத் தோல், நெடுக்கில் மெல்லிய வரிகள். மூன்று படகு, படகுக்கு மூன்று விதை என்றால் ஒன்பது. ஆனால் எல்லாக் காயும் லின்னேயஸின் கணக்குக்குக் கட்டுப்படும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

படகு திறந்துவிட்டது. அதோடு கதை முடியவில்லை. படகின் சுவர்கள் இன்னும் உலர்கின்றன. உலர உலர இரண்டு பக்கச் சுவர்களும் உட்புறமாக வளைந்து ஒன்றையொன்று நெருங்குகின்றன. நடுவில் விதைகள் அகப்பட்டுக்கொள்கின்றன. நெருக்கம் கூடிக்கொண்டே போகிறது. திடீரென்று ஒரு விதை வழுக்கிப் பாய்கிறது! அடுத்து இன்னொன்று. படகு காலியாகும்வரை இது தொடரும். வயலா குடும்பத்தின் பல செடிகள் இம்முறையில்தான் விதை எறிகின்றன.

இது ஒன்றும் புதிய விளையாட்டன்று. வேப்பம்பழத்தை விரல்களுக்கிடையே வைத்து நசுக்கிக் கொட்டையை நண்பன் முகத்தில் பீச்சி அடித்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். விரலை நாம் பக்கவாட்டில்தான் அழுத்துகிறோம். கொட்டை எப்படி முன்னோக்கிப் பாய்கிறது? கொட்டையின் வடிவம்தான் காரணம். நடுவில் பருத்து நுனியில் சிறுத்த பொருளை, அதன் பருத்த பகுதிக்குச் சற்றுப் பின்னால் பிடித்து அழுத்தினால், நம் விசையின் ஒரு கூறு அதை முன்னே தள்ளும். ஆப்பு வேலை செய்வதும் இதே தத்துவத்தில்தான். எதிர்த்து நிற்பது உராய்வு. தொடும் இடத்தில் பரப்பின் சாய்வுக்கோணம் எவ்வளவோ, அதன் டான்ஜென்ட் மதிப்பு உராய்வுக் குணகத்தைவிடக் குறைவாயிருக்கும்வரை விதை நகராது, அதிகமானால் நழுவிவிடும். குணகம் 0.2 என்றால் எல்லைக் கோணம் சுமார் 11 பாகை.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பொருள் நகராதபோதுள்ள உராய்வு, நகரத் தொடங்கிய பின் உள்ள உராய்வைவிட அதிகம் என்று படித்திருக்கிறீர்கள். பாரம் ஏற்றிய வண்டியை நகர்த்தத் தொடங்குவது கடினம். நகர்ந்த பின் தள்ளுவது எளிது. காயிலும் அதுவே. நிலை உராய்வு தடுத்து நிறுத்துவதால் சுவரில் இறுக்கம் சேர்ந்துகொண்டே போகிறது. தடை உடைந்த கணத்திலேயே உராய்வு சட்டென்று குறைகிறது. சேர்த்த ஆற்றல் முழுவதும் ஒரே பாய்ச்சலில் செலவாகிறது.

சுவர் ஏன் வளைகிறது? இஸ்திரிப் பெட்டிக்குள் இருக்கும் ஈருலோகப் பட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு உலோகங்கள் ஒட்டியிருக்கின்றன, வெப்பத்தால் ஒன்று அதிகம் நீளும், மற்றது குறைவாக நீளும், பட்டை வளையும். காயின் சுவரில் வெப்பத்துக்குப் பதில் ஈரம். தாவர நார் உலரும்போது குறுக்கே வெகுவாகச் சுருங்கும். நெடுக்கே மிகக் குறைவாகவே சுருங்கும். சுவரின் அடுக்குகளில் நார்கள் வெவ்வேறு திசைகளில் ஓடினால், ஓர் அடுக்கு சுருங்க விரும்பும் திசையில் அடுத்த அடுக்கு இடங்கொடுக்காது. விளைவு, வளைவு. பச்சை மரத்தில் செய்த கதவு கோடையில் நெளிந்து, தாழ்ப்பாள் போட முடியாமல் தொல்லை தருவதும் இதே காரணத்தால்தான். தச்சருக்குத் தொல்லையானது செடிக்கு ஆயுதமாகிவிட்டது!

களத்தில் காயவைத்த ஆமணக்குக் காய்கள் உச்சி வெயிலில் பட்பட்டென்று வெடிப்பது உலர்தலால்தான். ஆனால் பட்டாசுக்காய் என்று நாம் எச்சில் தொட்டு வெடிக்க வைப்போமே, அது வேறு இனம். அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்து நம் சாலையோரங்களில் பரவிய ரூவெல்லியா செடி அது. அங்கே ஆற்றல் முன்பே சேமிக்கப்பட்டிருக்கும். ஈரம் பட்டதும் காயின் நுனியிலுள்ள ஒட்டு விடுபடுகிறது. ஒன்றுக்கு வெயில் துப்பாக்கிக் குதிரை, மற்றதற்கு மழை.

கணக்குப் போடுவோம்

விதையை 1.5 மி.மீ. விட்டமுள்ள உருண்டை என்றும், அதன் அடர்த்தி நீருக்குச் சமம் என்றும் கொள்வோம். நிறை ஏறத்தாழ 1.8 மில்லிகிராம். அது விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். இயக்க ஆற்றல் சூத்திரத்தில் இட்டால் 0.0000225 ஜூல் வருகிறது. ஒரு கிராம் எடையை இரண்டேகால் மில்லிமீட்டர் தூக்குவதற்கான ஆற்றல்தான் அது. இவ்வளவுதானா என்று ஏமாற வேண்டாம். இந்த ஆற்றல் எவ்வளவு தூரத்துக்குள், எவ்வளவு நேரத்துக்குள் தரப்படுகிறது என்பதே வியப்பு.

படகின் சுவர் விதையைத் தள்ளும் தூரம் விதையின் நீளத்தைவிட அதிகமாக இருக்க இயலாது. அதை 1.5 மி.மீ. என்றே கொண்டால், முடுக்கம் விநாடி வர்க்கத்துக்கு 8,300 மீட்டர் வருகிறது. புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 850 மடங்கு! ராக்கெட்டில் மேலெழும் விண்வெளி வீரர்கள் தாங்குவது மூன்று நான்கு மடங்குதான். நேரம்? 0.6 மில்லிவிநாடி. நீங்கள் ஒருமுறை கண் சிமிட்டும் நேரத்துக்குள் இதைப் போல ஐந்நூறு முறை எறிந்துவிடலாம்.

செடிக்குத் தசை கிடையாது. பின் எங்கிருந்து இந்த வேகம்? மணிக்கணக்காக வெயில் மெல்ல மெல்ல ஏற்றிவைத்த இறுக்கம், நொடியில் ஒரு துகளளவு நேரத்தில் வெளிப்படுகிறது. உண்டிவில்லின் ரப்பரை நாம் நிதானமாக இழுக்கிறோம். கல்லோ விர்ரென்று பறக்கிறது. ஆற்றல் கூடவில்லை, அதைச் செலவிடும் நேரம் சுருங்கியிருக்கிறது. திறன் என்பது ஆற்றலை நேரத்தால் வகுப்பது என்று பாடத்தில் மனப்பாடம் செய்கிறோமே, அதன் பொருள் இந்தக் காய்க்குள் இருக்கிறது.

சரி, இத்தனை வேகத்தில் புறப்பட்ட விதை எவ்வளவு தூரம் போகும்? காற்று இல்லாவிட்டால், தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், 45 பாகையில் எறியப்பட்ட விதை 2.8 மீட்டர் சென்று விழும். காற்று இருக்கிறதே! விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் செல்லும் கிரிக்கெட் பந்தின் மேல் காற்றுத்தடை, பந்தின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான். அதே வேகத்தில் நம் விதையின் மேல் காற்றுத்தடை, விதையின் எடையில் நூற்றுக்கு எண்பது பங்குக்கும் மேல்! காரணம் எளிது. எடை விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. காற்றுத்தடையோ விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. உருவம் சிறுத்தால் எடை வேகமாகக் குறைகிறது, தடை அத்தனை வேகமாகக் குறைவதில்லை. ஆகவே விதை இரண்டு மீட்டரை ஒட்டி விழுந்துவிடும்.

வேகத்தை இரட்டித்தால் என்ன? ஆற்றல் நான்கு மடங்கு தேவைப்படும். தடையும் அதற்கேற்ப உயரும். தூரமோ ஏறத்தாழ இரு மடங்குதான் கூடும். நட்டமான வியாபாரம்! தூரம் எறிய விரும்பும் செடிகள் வேறு உபாயம் தேடியிருக்கின்றன. பட்டாசுக்காயின் உறவுச் செடியான ரூவெல்லியா சிலியாட்டிஃப்ளோராவை கலிஃபோர்னியாவின் பொமோனா கல்லூரி ஆய்வாளர்கள் படமெடுத்து, முடிவுகளை 2018-இல் வெளியிட்டார்கள். அதன் தட்டையான விதை விநாடிக்கு 15 மீட்டர் வரை வேகத்திலும், விநாடிக்கு 1,600 சுற்றுகளுக்கு மேலும் சுழன்று கிளம்புகிறது. சுழற்சியால் அதன் மெல்லிய விளிம்பே காற்றைக் கிழிக்கிறது. ஏழு மீட்டர் வரை செல்கிறது. தென் அமெரிக்காவின் ஹூரா மரமோ விநாடிக்கு 70 மீட்டர் வரை வேகத்தில் எறிகிறது. அதன் விதை பெரிது, உயரமும் அதிகம். நம் ஓரிதழ் தாமரைக்கு மரத்தின் உயரமும் இல்லை, தட்டு விதையும் இல்லை. இரண்டு மூன்று மீட்டர்தான் அதன் உலகம். வயலா குடும்பத்தின் பல செடிகளில் விதையோடு ஒட்டிய சிறு கொழுப்புத் துணுக்குக்காக எறும்புகள் விதையை இழுத்துச் செல்லும். அதுவும் சில மீட்டர்களே.

இரண்டு மீட்டரும் முந்நூறு மீட்டரும்

இந்தச் சின்ன எண்தான் இன்று செடிக்கு வினையாகிறது.

ஓரிதழ் தாமரையை உலகிலிருந்தே மறையப்போகும் செடி என்று நான் சொல்லவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை அது பரவியிருக்கிறது. ஆனால் உலகில் உள்ளது வேறு, உங்கள் ஊரில் உள்ளது வேறு. எங்கள் வட்டாரத்தில் இன்று அதைத் தேடித்தான் காண வேண்டியிருக்கிறது. காரணங்கள் இரண்டு கண்ணெதிரே நிற்கின்றன.

முதலாவது, மருந்து. சித்த மருத்துவத்தில் இதற்கு நெடுநாள் இடமுண்டு. புருஷரத்தினம் என்றும் பெயர். அதன் மருத்துவ குணம் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. நான் பார்ப்பது எடுக்கும் முறையை. இதில் வேர், தண்டு, இலை, பூ, காய் அனைத்தும் சேர்ந்த சமூலமே மருந்து. ஆகவே இலையைக் கிள்ளிக்கொண்டு போவதில்லை, வேரோடு பிடுங்குகிறார்கள். பூவிருக்கும்போது பிடுங்கினால்தான் அடையாளம் தெரியும். அதாவது உண்டிவில் நாணேறுவதற்கு முன்பே! ஆண்டுதோறும் தளிர்க்க வேண்டிய அடிக்கட்டையும் போயிற்று, அந்த ஆண்டு எறிய வேண்டிய விதையும் போயிற்று.

இரண்டாவது, நிலம். ஜி.எஸ்.டி. சாலையின் இருமருங்கும் கடந்த சில பத்தாண்டுகளில் எப்படி மாறியது என்பதை இப்பகுதி மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2002-இல் பரனூர் அருகே மகேந்திரா உலக நகரம் தொடங்கப்பட்டது. அதையொட்டியும் அதற்கு அப்பாலும் மனைப் பிரிவுகள் எழுந்தன. வீடும் வேலையும் வேண்டாமென்று யார் சொல்வார்கள்? நானும் அத்தகைய ஒரு மனையில் கட்டிய வீட்டில்தான் இருக்கிறேன். ஆனால் மனை போடும்போது முதலில் நடப்பது, பொக்லைன் கொண்டு மேல்மண்ணைச் சுரண்டுவது. அடிக்கட்டைகளும் விதைகளும் இருப்பது அந்த ஒரு சாண் மண்ணில்தான்.

மனை ஒன்று விற்காமல் பத்தாண்டு தரிசாகக் கிடக்கிறது என்று கொள்வோம். எருக்கு வந்துவிடும், அதன் விதைக்குப் பஞ்சுக் குடை இருக்கிறது. சீமைக் கருவேலம் வந்துவிடும். ஆடு மாடுகள் நெற்றைத் தின்று சாணத்தில் விதையைக் கொண்டுவரும். ஓரிதழ் தாமரை? மிச்சமிருக்கும் செடிக்கூட்டம் 300 மீட்டருக்கு அப்பால் இருக்கிறது என்றால், ஒரு தலைமுறைக்கு 3 மீட்டர் வீதம், எல்லாத் தாய்ச்செடிகளும் சரியான திசையிலேயே எறிந்தாலும் நூறு தலைமுறை வேண்டும். தலைமுறைக்கு ஓராண்டு என்றால் நூறாண்டு! இடையில் ஒரு தார்ச்சாலை இருந்தால், அதைத் தாண்ட அதற்கு வழியே இல்லை. இருபுறமும் சேவைச் சாலையோடு கூடிய நெடுஞ்சாலையின் அகலம் பத்துப் பதினைந்து எறிதல்களுக்குச் சமம். நடுவில் முளைத்து மீண்டும் எறிய அங்கே மண் கிடையாது.

மழை வெள்ளமோ, மண் லாரியோ, ஆட்டின் குளம்போ எப்போதாவது ஒரு விதையைத் தொலைவுக்குக் கொண்டுபோகும் என்பதை மறுக்கவில்லை. இல்லாவிட்டால் ஒரு செடி கண்டம் விட்டுக் கண்டம் பரவியிருக்குமா? ஆனால் அது ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் கணக்கு. பொக்லைனின் கணக்கு ஒரு பிற்பகல். ஆகையால் இச்செடி ஓரிடத்தில் இருக்க வேண்டுமானால், அங்கே ஏற்கெனவே இருந்துகொண்டே இருக்க வேண்டும். கோயில் குன்றின் சரிவுகள், ஏரிக்கரைகள், காப்புக்காடுகளின் ஓரங்கள், பள்ளி கல்லூரி வளாகங்களில் யாரும் கைவைக்காத மூலைகள் ஆகியவற்றின் மதிப்பு இதனால்தான் அவற்றின் பரப்பைவிடப் பெரிது. மருந்துக்கு வேண்டுவோர் பாத்தி கட்டிப் பயிரிடட்டும். ஒரு கைப்பிடி விதையைக் கொண்டுபோய் அரை கிலோமீட்டர் தள்ளி விதைத்தால், செடி நூற்றறுபது ஆண்டுக்கு மேல் எடுத்துச் செல்லும் தூரத்தை நாம் கால்மணி நேரத்தில் கடந்துவிடுகிறோம்.

நீங்களே அளக்கலாம்

மேலே நான் எடுத்துக்கொண்ட வேகம் ஒரு மாதிரிக் கணக்குக்காகத்தான். உங்கள் ஊர்ச் செடியின் உண்மை வேகத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். செடியைப் பிடுங்க வேண்டாம். வைக்கோல் நிறத்துக்கு மாறத் தொடங்கிய காய்களை மட்டும் காம்போடு நான்கைந்து கிள்ளி வாருங்கள். மின்விசிறியை நிறுத்திய அறையில், தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் ஒரு அட்டைப்பெட்டியின் மேல் களிமண் உருண்டையில் காம்பைச் செருகி நிறுத்துங்கள். சுற்றிலும் வெள்ளை வேட்டியை விரியுங்கள். வேட்டிக்கு விளிம்பில் சிறு மடிப்பு இருக்கட்டும்; இல்லாவிட்டால் விதை உருண்டோடித் தூரத்தைக் கெடுத்துவிடும். சன்னல் வழியே வெயில் படட்டும். காய் பிளந்தபின் பொறுமை தேவை. விழுந்த ஒவ்வொரு விதைக்கும் காயிலிருந்து உள்ள தூரத்தை அளந்து குறித்து, எத்தனை விதை அரை மீட்டருக்குள், எத்தனை ஒரு மீட்டருக்குள் என்று பட்டை வரைபடம் போடுங்கள். மிகத் தொலைவில் விழுந்தது எது என்பதோடு, பெரும்பாலானவை எங்கே விழுந்தன என்பதையும் கவனியுங்கள்.

வேகத்துக்கு, வீட்டிலுள்ள கைபேசி போதும். மெதுவியக்கப் பதிவில் விநாடிக்கு 240 படம் எடுக்கும் வசதி இப்போது பல கைபேசிகளில் உண்டு. பிளந்த படகுக்குப் பின்னால் ஒரு கறுப்பு அட்டையையும், அதில் சென்டிமீட்டர் கோடுகளையும் வைத்துப் பதிவு செய்யுங்கள். அடுத்தடுத்த இரண்டு படங்களுக்கிடையே விதை 2 செ.மீ. நகர்ந்திருந்தால், 0.02 மீட்டரை 240-ஆல் பெருக்குங்கள், விநாடிக்கு 4.8 மீட்டர். ஒரு செ.மீ. தான் என்றால் 2.4 மீட்டர். முதலில் பாய்ந்த விதைக்கும் கடைசியில் பாய்ந்த விதைக்கும் வேகம் ஒன்றேயா என்று பார்க்க மறவாதீர்கள்; படகு காலியாகக் காலியாகச் சுவரின் வளைவும் மாறுகிறதல்லவா?